இரவெல்லாம் அழும் குட்டியை என்ன செய்வது?

கேள்வி: காட்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். லேப்ரடார் குட்டி வாங்கி ஒரு வாரம் ஆகிறது. வயது இரண்டு மாதம். வீட்டை அசிங்கம் செய்யாமல் பழக்குவதற்காகக் கம்பிக் கூண்டு வாங்கி ஹாலில் வைத்திருக்கிறோம். இரவில் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் விடியும்வரை அழுகை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் வீட்டில் இருக்கும் மாமியார், "பச்சைக் குழந்தையைக் கூண்டில் போடுவது பாவம்" என்று திறந்து விட்டுவிடுகிறார். கூண்டை மொட்டை மாடிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: மொட்டை மாடி மட்டும் வேண்டாம், சகோதரி. வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாததா? ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுகிறது; பகலில் காய்ந்த தளம் ராத்திரியிலும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கம்பிக் கூண்டுக்குள் நிழலுக்குக்கூட நகர முடியாத குட்டிக்கு அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் குட்டி கூண்டைப் பார்த்து அழவில்லை, தனிமைக்குத்தான் அழுகிறது. போன வாரம்வரை தாயின் வயிற்றை ஒட்டி, கூடப் பிறந்தவற்றின் மேல் காலைப் போட்டுத் தூங்கியது. இப்போது இருட்டு ஹாலில், தெரிந்த வாசனை ஒன்றுகூட இல்லாமல் கிடக்கிறது. அதனால் இன்று ராத்திரியே கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடி கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வையுங்கள். நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய காட்டன் புடவை ஒன்றை, துவைக்காமல், மடித்து உள்ளே போடுங்கள். உங்கள் வாசனையும் இருக்கும். அடியில் உள்ள தகரத் தட்டு, குட்டி புரளும்போது 'டங்' என்று சத்தம் போடுவதும் நிற்கும். அந்தச் சத்தத்துக்கே பயந்துபோகும் குட்டிகள் உண்டு. கழுத்துப் பட்டை கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளே விடும்போதெல்லாம் கழற்றிவிடுங்கள்.

அழுதால் திறக்கலாமா கூடாதா என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். எல்லா அழுகையும் ஒன்றில்லை. படுத்த புதிதில் ம்ம்... ம்ம்... என்று இழுத்து இழுத்து வருவது தூக்கச் சிணுங்கல். கம்பி வழியாக விரலை நீட்டுங்கள், மோந்து பார்த்து அடங்கிவிடும். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது திடீரென எழுந்து, மூக்கைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினால், ஒன்றுக்கு வருகிறது என்று அர்த்தம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. உடனே தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பெரிய விளக்கு, கொஞ்சல், விளையாட்டு எதுவும் வேண்டாம். போய் முடித்ததும் "சமத்து" என்று ஒரு வார்த்தை, திரும்பவும் கூண்டுக்குள். இடம் உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கட்டும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள், குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வாந்தி, பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது வகை, அலறல். எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, கதவைப் பிராண்டிக்கொண்டு கத்துவது. அது பிடிவாதம் இல்லை, நிஜமான பயம். "கத்தட்டும், தானாகப் பழகும்" என்று விடவே கூடாது. திறந்து சமாதானப்படுத்துங்கள். கதவை நாம் அவசரப்பட்டுச் சாத்திவிட்டோம் என்பதைத்தான் அது சொல்கிறது.

கதவைச் சாத்துவது கடைசிப் பாடம். முதல் சில நாள் பகலில் கதவைத் திறந்தே கட்டி வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்தை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ச் சாப்பிட்டு வரட்டும். அப்புறம் சாப்பிடும்போது மட்டும் சாத்தி, முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள். அப்புறம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். விளையாடிக் களைத்துக் கண் சொருகும் நேரத்தில் உள்ளே விடுவது எல்லாவற்றையும் விட நல்லது. இந்த வயதில் நாளில் முக்கால்வாசி நேரம் தூக்கம்தான். ஒரு நாளும் திட்டிக்கொண்டு உள்ளே தள்ளாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் இருவரும் வேலை முடிந்து வரும்வரை இந்தக் குட்டியை அடைத்து வைப்பது தவறுதான். ஆனால் அழும்போதெல்லாம் திறந்தால், 'அழுதால் கதவு திறக்கும்' என்றே அது கற்றுக்கொள்ளும். பகல் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். "அத்தை, சாப்பாட்டை நீங்களே கூண்டுக்குள் வையுங்கள், தூங்கி எழுந்ததும் நீங்களே வெளியே தூக்கிப் போங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு இருக்கிற பாசம் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பலம். பயந்து அலறினால் அவர் தாராளமாகத் திறக்கலாம். வெறும் சிணுங்கல் என்றால், ஒரு நொடி வாயை மூடும்வரை காத்திருந்து திறக்கச் சொல்லுங்கள். பசும்பால் மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நிறையக் குட்டிகளுக்கு அது வயிற்றைக் கலக்கிவிடும். வயிறு கலங்கிய குட்டிக்குக் கூண்டு எப்படிப் பிடிக்கும்?

லேப்ரடார் பெரிதாக வளரும் என்று நீங்கள் பெரிய கூண்டாக வாங்கியிருந்தால், நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் இப்போதைக்குப் போதும். இடம் மிஞ்சினால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். கூண்டு மேற்கு ஜன்னலை ஒட்டி இல்லாமல் ஃபேன் காற்று படுகிற இடத்தில் இருக்கட்டும். மேலே துணி போர்த்தினாலும் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். மின்சாரம் போனால் குட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் நீங்களே ஒரு எட்டுப் போய், கூண்டைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டோம், இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரம் தாண்டி அலறல் நிற்காவிட்டால், அல்லது வாந்தி, பேதி, சாப்பாட்டில் விருப்பமின்மை என ஏதாவது ஒன்று சேர்ந்தால், பழக்குவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.