பெட்டியில் 7,000, கையில் 90: வேக டிரைவை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பன்னிரண்டு நாளைக்கு முன் 1 டிபி என்விஎம்இ (போர்டில் நேரடியாக மாட்டும் வேக வகை) எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘நொடிக்கு 7,000 எம்பி வரை’ என்று போட்டிருந்தது. கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளில் சோதித்தால் 3,500-ஐத் தாண்டவில்லை. அதைவிடக் கொடுமை, பழைய சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து ஒரு கல்யாணத்தின் 380 ஜிபி ஃபுட்டேஜை இதற்கு மாற்றியபோது நடந்தது. முதல் ஏழு நிமிடம் 500-இல் ஓடியது. அப்புறம் 90-க்கு விழுந்தது, கடைசி வரை எழவே இல்லை. மொத்தம் 40 நிமிடம் ஆனது. என்னிடம் இருப்பது ரைசன் 5 5600ஜி, பி550 போர்டு. கடையில் கேட்டால் ‘எல்லாம் அப்படித்தான் சார் இருக்கும்’ என்கிறார்கள். இது போலியா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: போலி மாதிரித் தெரியவில்லை. ஆனால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி அனுப்பியது சரியில்லை. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம்.

முதலில் 3,500. பிசிஐஇ என்பது டிரைவும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் பாதை. உங்கள் டிரைவ் அதில் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. பி550 போர்டும் அதைத் தாங்கும். ஆனால் 5600ஜி பிராசஸர் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வரைதான் தரும். அந்தப் பாதையில் நான்கு லேன் (தடம்) சேர்ந்தாலும் நடைமுறையில் சுமார் 3,500 எம்பிதான் வரும். ஆக டிரைவில் குறையில்லை, வழி அவ்வளவுதான். இதை நீங்களே ஒரு நிமிடத்தில் உறுதி செய்யலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ என்ற இடத்தைப் பாருங்கள். கோட்டுக்கு இடது பக்கம் இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் டிரைவால் முடிந்த வேகம். உங்களுக்கு இடது பக்கம் 3.0, வலது பக்கம் 4.0 என்று இருக்கும். வாங்கும் முன்பே உங்கள் பிராசஸர் என்ன என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், விலை குறைந்த மூன்றாம் தலைமுறை டிரைவே போதும் என்று சொல்லியிருக்கலாம். வருத்தம்தான். ஆனாலும் எடிட்டிங்குக்கு 3,500 தாராளம்.

இப்போது 90. இதுதான் உங்கள் பிழைப்பைத் தொடும் விஷயம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் பார்த்த 500 புது டிரைவின் வேகமே அல்ல. சாட்டா இணைப்பில் 550-க்கு மேல் வராது, எனவே அது பழைய டிரைவின் உச்சம். பிறகு வந்த 90-தான் புது டிரைவின் உண்மை முகம். லீ பஜாரில் மூட்டை லாரி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடை வாசலில் இடம் இருக்கும்வரை மளமளவென்று இறக்கிப் போடுவார்கள். வாசல் நிரம்பியதும் ஒவ்வொரு மூட்டையையும் உள்ளே கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட முடியும். எஸ்எஸ்டியிலும் அப்படி ஒரு வாசல் உண்டு, பெயர் எஸ்எல்சி கேச். ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் எழுதுவதால் அங்கே வேகம் அதிகம். கிடங்கில் டிஎல்சி என்றால் செல்லுக்கு மூன்று பிட், க்யூஎல்சி என்றால் நான்கு. பிட் கூடக்கூட எழுதுவது மெதுவாகும். வாசல் நிரம்பியபின் 90-க்கு விழுவதைப் பார்த்தால் உங்களுடையது க்யூஎல்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த வாசல் காலி இடத்திலிருந்து எடுக்கப்படுவது. பல க்யூஎல்சி டிரைவ்களில், காலி இடத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு அளவுக்கு வேகமாக எழுதலாம். டிரைவ் நிரம்ப நிரம்ப அது சுருங்கும். உங்களுக்கு 200 ஜிபி தாண்டியதும் விழுந்த கணக்கு இதனோடு ஒத்துப்போகிறது. பாதி நிரம்பிய நிலையில் இதே காப்பியைச் செய்தால் இன்னும் சீக்கிரம் விழும்.

அப்படியானால் கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கில் ஏன் தெரியவில்லை? அது வழக்கமாக எழுதிப் பார்ப்பது 1 ஜிபி கோப்பு. அந்தச் சோதனை வாசலிலேயே முடிந்துவிடும். பெட்டியில் அச்சிடும் எண்ணும் அங்கிருந்துதான் வருகிறது. கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கின் கடைசி வரிசையில் வரும் 4கே எண் (சின்னச் சின்னத் துண்டுகளைக் கையாளும் வேகம்) 60, 70 என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். நல்ல டிரைவுக்கும் படிக்கும் வேகம் அந்த அளவில்தான் வரும், பயப்பட வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கு உண்மையான சோதனை இது: உங்களுடைய மிகப் பெரிய கல்யாண ஃபோல்டரை அந்த டிரைவுக்குள்ளேயே வேறு பெயரில் காப்பி செய்யுங்கள். மெமரி கார்டிலிருந்து செய்யாதீர்கள், யுஎச்எஸ்-1 வகை கார்டு சாதாரண ரீடரில் 104-க்கு மேல் தராது, பழி புது டிரைவ் மேல் விழும். விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடத்தில் முதல் சில நொடிகளை நம்பாதீர்கள், அதில் ரேமின் வேகமும் கலந்திருக்கும். கோடு எந்த ஜிபியில் விழுகிறது, விழுந்தபின் எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவ் பாதி நிரம்பியபின் இன்னொரு முறை செய்யுங்கள்.

கூடவே வெப்பத்தையும் பாருங்கள். சேலத்தில் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் கணினிப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 80 டிகிரியை நெருங்கினால் பல டிரைவ்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அதிகாலையில் நன்றாக ஓடி, மதியம் மூன்று மணிக்குத் திணறினால் காரணம் சூடுதான். போன கோடையில் என் கணினியே இப்படிப் படுத்தியது. மூடியைக் கழற்றி, டிரைவ் மாட்டும் எம்.2 ஸ்லாட்டின் மேலிருந்த அலுமினியத் தகட்டைத் தூக்கினால், அடியில் ஒட்டியிருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடின் மெல்லிய நீல பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் உரிக்கவே இல்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்துவிட்டு மாட்டினேன். 84-இல் நின்ற வெப்பம் 63-க்கு இறங்கியது. உங்களுடையதையும் ஒரு முறை திறந்து பாருங்கள். தகட்டின் தாளை மட்டும்தான் உரிக்க வேண்டும். டிரைவின் மேலேயே ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்தால் வாரண்டி போய்விடலாம்.

திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இப்படிச் சொல்கிறது: குறைபாடுள்ள பொருளை, பில்லில் போட்ட காலத்துக்குள், பில்லில் எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. ஆனால் உங்கள் விஷயத்தில் ‘7,000 வரை’ என்று இருப்பதாலும், தடை உங்கள் பிராசஸரில் இருப்பதாலும், குறைபாடு என்று நிரூபிப்பது கடினம். கடைக்காரர் வாட்ஸ்அப்பிலோ பில்லிலோ ‘டிஎல்சி’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு, அதை விடாதீர்கள். இல்லையென்றால் பன்னிரண்டு நாள்தானே ஆகிறது, சோதனை ஸ்கிரீன்ஷாட்டுகளோடு போய், வித்தியாசத் தொகை தருகிறேன், டிரேம் (டிரைவுக்கென்று தனி நினைவகம்) உள்ள டிஎல்சி டிரைவாக மாற்றிக் கொடுங்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். தினமும் வரும் வாடிக்கையாளரை இழக்க எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். மாற்ற மறுத்தால், கால் பங்கு இடத்தைக் காலியாக வைத்து, ஃபுட்டேஜைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடுவில் சற்று ஓய்வு விட்டு ஏற்றுங்கள். அந்த ஓய்வில் டிரைவ் வாசலைத் தானே காலி செய்துகொள்ளும்.

கேள்வி: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஆன்லைனில் 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி 1,999 ரூபாய்க்கு வந்தது. மாட்டினால் 16 டிபி என்றுதான் காட்டுகிறது. சிசிடிவி பதிவுகளை அதில் போடலாமா?

பதில்: தயவுசெய்து ஒரு கோப்புகூடப் போடாதீர்கள். அந்த விலைக்கு 16 டிபி கிடைக்கவே கிடைக்காது. இப்படிப்பட்டவற்றின் உள்ளே பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி கன்ட்ரோலரை (டிரைவை இயக்கும் சிப்பை) மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதும், கோப்பின் பெயர் மட்டும் மிஞ்சும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். 16 டிபியையும் எழுதத் தேவையில்லை, முதலில் 200 ஜிபி கொடுங்கள். போலி என்றால் பெரும்பாலும் அதிலேயே பிழை காட்டிவிடும். லேப்டாப்பில் செய்யுங்கள், மலையில் நடுவே கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிழை வந்த திரையைப் படம் எடுத்து, ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: சூரமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன். அடிக்கடி ஸ்பீடு டெஸ்ட் போட்டால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமா?

பதில்: 1 டிபி டிஎல்சி டிரைவ்கள் பலவற்றுக்கு 600 டிபி எழுதும்வரை வாரண்டி தருகிறார்கள். ஒரு வேகச் சோதனையில் போவது அதில் சின்னப் பங்குதான், அது பெரிய கணக்கில்லை. அதற்காகத் தினமும் போட வேண்டியதும் இல்லை. வாங்கிய அன்று ஒரு முறை, கோடையில் ஒரு முறை போதும். முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லின் படத்தையும் மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் தரும் தெர்மல் பேப்பர் பில் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும், வாரண்டியோ மூன்று, ஐந்து வருடம்.