ராத்திரி பூரா லேப்டாப்பில் இசை செய்யும் பையனின் அம்மாவுக்கு

அக்கா, ராத்திரி பூரா லேப்டாப்போடு இருக்கிற பையனை என்ன செய்வது, என்ன படிக்க வைப்பது என்று போன சனிக்கிழமை நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். தம்பி பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான், அவன் முன்னால் அரைகுறையாக எதையாவது சொல்ல மனம் வரவில்லை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று நம் பக்கத்திலிருந்து இதே கவலையோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிற பெற்றோர் இப்போது நிறைய, அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

"ராத்திரி பூரா கலர் கலரா கட்டம் ஓடுது சார், கேம் ஆடுறான்னு நெனச்சேன், கேட்டா மியூசிக்குங்கிறான்" என்றீர்கள். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தக் கட்டங்களை அவனை எனக்குக் காட்டச் சொன்னேன். திரையின் இடது ஓரத்தில் ஆர்மோனியக் கட்டைகளை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு வரிசை இருக்கிறது. கட்டம் மேலே போனால் சுரம் ஏறுகிறது, கட்டம் நீண்டால் சுரம் நீள்கிறது, ஒவ்வொன்றையும் எவ்வளவு அழுத்தி வாசிப்பது என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் எண். மிடி என்று இதற்குப் பெயர். 1983 முதல் உலகம் முழுக்க கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இந்த மொழியில்தான். நீங்கள் பார்த்தது ஒரு விதத்தில் ஸ்வரம் எழுதிய நோட்டு அக்கா, பார்க்கப் பழக்கமில்லாததால் விளையாட்டு மாதிரித் தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று போட்டுக் காட்டினான். அடியில் உறுமல் மாதிரி ஒரு ஓசை வந்துகொண்டே இருந்தது, என்ன என்று கேட்டால் உங்கள் வீட்டு கிரைண்டர்! மாவு ஓடும்போது செல்போனில் பதிந்து, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கி, மேல் இரைச்சலை வெட்டி எடுத்துவிட்டு, அதையே பேஸாக வைத்திருக்கிறான். தாளத்துக்குத் தெருவில் போன சாவு மேளத்தின் ஒரே ஓர் அடியைத் துண்டாக்கிப் போட்டிருக்கிறான். அவனுக்குக் காது இருக்கிறது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அந்த ஆர்வத்தோடு வருகிற பிள்ளைகளை வருடத்துக்கு ஒன்றிரண்டு பேரைத்தான் பார்க்கிறேன்.

ராத்திரி ஏன் முழிக்கிறான் என்பதையும் கேட்டேன். பகலில் கன்டெய்னர் லாரி ஹாரன், கீழ்வீட்டு டிவி, ரெண்டு மணிக்கு மேல் காசிமேட்டுக்கு மீன் வண்டிகள் கிளம்பிவிடும், மைக்கில் எல்லாமே விழுகிறது, பதினொன்றிலிருந்து இரண்டு வரைதான் தெரு அமைதி என்றான். காரணம் நியாயமானது. ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளை தினமும் இரண்டு மணிவரை முழிப்பது சரிப்படாது. வாரத்துக்கு இரண்டு இரவு, வெள்ளியும் சனியும், மற்ற நாள் பத்தரைக்கு லேப்டாப் மூட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்.

பூட்ட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து வருடம் முன்பு புளியந்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள், சின்ன கேசியோ கீபோர்டில் எதைக் கேட்டாலும் உடனே வாசிப்பான். படிப்பு முடியட்டும், அதுவரை அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். கொடுத்துவிட்டார்கள். படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது, நல்லபடியாகத்தான் இருக்கிறார், ஆனால் அதற்குப் பிறகு அவர் வாசிக்கவே இல்லை. ஒருமுறை பேருந்தில் பார்த்தபோது, "நீங்க சொன்னது சரிதான் சார்" என்று அவரே சொன்னார். எனக்கு அது சரியென்று தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

சரி, இப்போது தம்பியிடம் இருக்கிற உண்மையான குறைக்கு வருகிறேன், நீங்கள் பயப்படுவது வேறு எதற்கோ. அவன் லேப்டாப்பில் அந்த போல்டரைத் திறந்து நானே எண்ணிப் பார்த்தேன், 43 ஃபைல் இருக்கிறது. ஒன்றுகூட முடிந்த பாட்டு இல்லை. எல்லாமே எட்டு பார் லூப், பதினைந்து இருபது வினாடி ஓடித் திரும்பத் திரும்ப வருகிற துண்டுகள். முதல் இருபது வினாடி பிரமாதமாக இருக்கும், அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் புதிதாக இன்னொரு ஃபைலைத் திறந்துவிடுகிறான். கம்ப்யூட்டரில் இசை செய்கிற பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த நோய் வரும், ஏனென்றால் துண்டு செய்வது சுகமாக இருக்கிறது, அதை மூன்று நிமிடத்துக்கு நீட்டுவது கஷ்டமாக இருக்கிறது. எங்கே குறைப்பது, எங்கே தாளத்தை நிறுத்திக் கேட்பவரைக் காத்திருக்க வைப்பது, எங்கே திரும்பக் கொண்டுவருவது, முடிவை எப்படிக் கொண்டுபோய் உட்கார வைப்பது, இதெல்லாம் முடித்து முடித்துத்தான் வரும். சம்பளம் கொடுக்கிற எவரும் லூப்புக்குக் கொடுக்க மாட்டார், விளம்பரக்காரர் முப்பது வினாடி என்றால் முப்பதாவது வினாடியில் முடிந்த ஒன்றைத்தான் கேட்பார், அதுவும் நாளைக் காலைக்குள்.

அதனால் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்: மாதத்துக்கு ஒரு முடிந்த பாட்டு, தேர்வு மாதங்கள் இரண்டையும் விட்டுவிட்டு. நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போடாதீர்கள், முடிந்திருந்தால் போதும். ஒரு வருடத்தில் பத்து தேறினால் அவன் இதை வேலையாகப் பார்க்கிறான் என்று அர்த்தம். தேறாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும், அதுவும் நல்ல விஷயம்தான்.

படிப்பு. மியூசிக்கைத் தவிர வேறெதுவும் படிக்க மாட்டேன் என்கிறான், நீங்கள் பி.காம். என்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம், அவனுக்கு எலெக்ட்ரானிக்ஸ்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அவன் திரையின் ஒரு ஓரத்தில் 44100 என்று ஓர் எண் இருக்கிறது, எதற்கு என்றேன், தெரியவில்லை. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், ஒரு ஓசையை எண்ணாக மாற்றிவைக்க வேண்டுமானால் அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான தடவை ஒரு வினாடிக்குள் அளந்தெடுக்க வேண்டும், அதனால்தான் 44,100 என்று சொன்னதும் அவன் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இது இ.சி.இ. என்கிற எலெக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்புப் பொறியியல் பாடத்தில் வருவது. ஓசையை இப்படி எண்ணாக்கி வெட்டித் திருத்துகிற அதே கணக்குதான் காது கேட்கும் கருவியிலும், செல்போனில் எதிர்ப்பக்க இரைச்சலை அடக்குவதிலும், கார் ஸ்பீக்கரிலும் ஓடுகிறது. சி ப்ளஸ் ப்ளஸ் என்கிற கம்ப்யூட்டர் மொழி பழகினால் அவன் இப்போது பயன்படுத்துகிற பிளக்கின்களையே, அதாவது இசை சாஃப்ட்வேரோடு சேர்த்துக்கொள்கிற குட்டி சாஃப்ட்வேர்களையே, எழுதுகிற வேலைக்கும் போகலாம். இசை சோறு போடாத வருடத்தில் இந்தப் படிப்பு போடும்.

கணிதமும் அறிவியலும் எடுத்திருக்கிறான், மாநகராட்சிப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். கட் ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50, ஆகவே கணக்கில் இப்போது காட்டுகிற அலட்சியம் நேராக அவன் இசையைத்தான் அடிக்கும், அவனிடம் இப்படியே சொல்லுங்கள். 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், அதைச் சேர்த்து வைத்து நல்ல மூடிய ஹெட்போன் ஒன்றும் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்ன ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளட்டும். கட் ஆஃப் வரவில்லை என்றால் பாலிடெக்னிக்கில் மூன்று வருட இ.சி.இ. டிப்ளமோ, முடித்ததும் நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம்.

ஒலியையே முழுநேரப் படிப்பாக எடுக்க விரும்பினால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு நான்கு வருடப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. இடம் ரொம்பக் குறைவு, ஆனாலும் விண்ணப்பம் போடாமல் விடாதீர்கள், பீச் ஸ்டேஷன் வந்து பறக்கும் ரயில் பிடித்தால் தரமணி. ஏதாவது ஒரு பட்டம் வாங்கியபிறகு புனே எஃப்டிஐஐ, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் என்ற திரைப்படக் கல்லூரிகள் இரண்டிலும் ஒலிக்கென்று மூன்று வருடப் படிப்பு உண்டு. ஏ.ஆர். ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியும் நம் ஊரில்தான். தம்பி அங்கே போக வேண்டும் என்கிறான், செலவையும் பார்த்து, பட்டம் முடித்த பிறகு யோசிக்கலாம் என்பேன்.

ரகுமானைக் காட்டியே பிள்ளைகள் என்னிடம் வாதாடுகிறார்கள், நானும் அவரைக் காட்டியே பதில் சொல்கிறேன். 1992-ல் முதல் படம் வருவதற்கு முன்னால் பள்ளி வயதிலிருந்தே மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசை செய்தார். மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒரு கலைஞர் இருந்தார். 1982-ல், ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808 போன்ற மின்னணு இசைப் பெட்டிகளை வைத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் செய்து ஆல்பமாக வெளியிட்டார். விற்கவில்லை. 2010-ல் அது மறுபடி வெளியானபோது, உலகம் ஆசிட் ஹவுஸ் என்று பின்னாளில் சொன்ன மின்னணு நடன இசையின் ஓசை இதில் அப்போதே இருக்கிறதே என்று வெளிநாட்டுக்காரர்கள் வியந்தார்கள். இடைப்பட்ட 28 வருடத்தில் அந்த ஆல்பம் அவருக்குச் சோறு போடவில்லை, இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்ததும் கச்சேரிகளும்தான் போட்டன. தம்பிக்கு இந்தக் கதையை நான் சொன்னேன், அவருடைய இசையை அன்றைக்கே தேடிக் கேட்டிருப்பான் பாருங்கள்.

பணம் கட்டுவதில் கவனம் வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சான்றிதழ் படிப்புக்கு லட்சக்கணக்கில் கேட்டு, வேலை நிச்சயம் என்கிற இடங்கள் இருக்கின்றன. போன வருடம் ஒரு அம்மா காதில் இருந்ததை அடகு வைத்துக் கட்டினார், அந்த இடத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, அந்தப் பிள்ளை பன்னிரண்டு மாதத்தில் மிக்சிங் போர்டைத் தொட்டது மொத்தமே சில மணி நேரம். கட்டுவதற்கு முன்னால் ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், போன வருடம் முடித்த இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த லட்சத்தை விட நம் ஏரியா மைக்செட் அண்ணன் ஒருவரிடம் நான்கு திருவிழாவுக்குக் கூடப்போவது பெரிய படிப்பு. மைக் ஏன் ஊளையிடுகிறது, மழையில் ஒயரை எப்படிக் காப்பது, ஐந்து கானா பாடகர்களும் டோலக்கும் ஒரே மேடையில் இருக்கும்போது யார் குரலை எங்கே வைப்பது, இதை ஒரு லேப்டாப்பும் சொல்லித் தராது. கானா என்றாலே முகம் சுளிக்காதீர்கள் அக்கா. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன, கேட்க ஊரே வந்தது. உங்கள் பையன் வைத்திருக்கிற அந்தச் சாவு மேள அடி வேறு எந்த ஊர்ப் பிள்ளையிடமும் இல்லாத சொத்து.

திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறான், கேட்டதும் ஒப்புக்கொண்டான். நாளைக்கு வேலையை விற்கப்போகிறவன் இன்றைக்கே அதை விட்டுவிட வேண்டும், அதோடு வருகிற வைரஸ் 43 ஃபைலையும் ஒரே ராத்திரியில் தின்றுவிடும். இசை செய்கிற சாஃப்ட்வேர்களில் எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். ரீப்பர் 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பில் சேமிக்க முடியும், சேமித்ததை மறுபடி திறக்க முடியாது, ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும், அவன் நோய்க்கு அதுவே மருந்தாகலாம்.

யாராவது அவனிடம் இசை வாங்கிக்கொண்டு தாளில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடக்கூடாது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், அதன்படி இசையமைத்தவருக்கு வரவேண்டிய ராயல்டி பங்கைப் படக்காரருக்கோ கம்பெனிக்கோ எழுதிக் கொடுத்துவிட முடியாது, வாரிசுக்கும் ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே மாற்றலாம். பதினெட்டு வயதுப் பையன்கள் ஐயாயிரம் ரூபாய்க்கு எல்லா உரிமையும் உங்களுக்கே என்று எழுதிக் கொடுப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

காது. ஹெட்போனைச் சத்தமாக வைத்துத்தான் கேட்கிறான், எனக்கு நீட்டியபோதே தெரிந்தது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், சத்தம் கூடக்கூட நேரம் வேகமாகக் குறையும். காதுக்குள் ரீங்காரம் கேட்டால் மறைக்காமல் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

அவன் அப்பாவிடம் நான் பேசுகிறேன், ஹார்பர் ஷிப்ட் முடிகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை தம்பி வரும்போது கிரைண்டர் பாட்டை மூன்று நிமிடத்துக்கு முடித்துப் பென் டிரைவில் போட்டு எடுத்து வரட்டும், கூட வேதியியல் அரையாண்டுத் தாளும். கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை அந்த ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேளுங்கள் அக்கா, உங்கள் கிரைண்டர்தான் அது, பத்தாவது வினாடியில் தெரிந்துவிடும்.