காடா, கட்டா?

கேள்வி: பாகலூர் பக்கம் ரோஸ் பேக்கிங் ஷெட்ல வேலை பாக்கறேன். நெதர்லாந்துல இருந்து வந்த ஆர்டர் பேப்பர்ல டச்சுல 'பெர் பொஸ் 20'ன்னு இருந்துச்சு. பையன் போன்ல போட்டு பாத்தா 'ஒரு காட்டுக்கு 20'ன்னு வருது. நாங்க 20 பூ வெச்சுதான் ஒரு கட்டு கட்டறோம், இதுல காடு எங்கருந்து வந்துச்சு?
- ஒரு வாசகி, பாகலூர்

பதில்: நீங்க கட்டுனது சரிதான் அக்கா, கட்டுக்கு 20 பூன்னுதான் அர்த்தம். டச்சுல பொஸ்ன்னா காடு, பூங்கொத்துக்கும் அதே பொஸ்தான், எழுத்துலயும் சொல்றதுலயும் துளி வித்தியாசம் கெடையாது. நம்ம மாலை மாதிரி வெச்சுக்கோங்க, பொழுது சாயறதும் மாலை, சாமி கழுத்துல போடறதும் மாலை, ஆனா 'ரெண்டு மாலை கட்டிக் குடு'ன்னா பூக்கடைக்காரருக்கு குழப்பமே வராது.

டச்சுக்காரங்க பேர்ச்சொல்லுக்கு முன்னாடி 'டெ' இல்லன்னா 'ஹெட்'ன்னு ஒண்ணு சேத்துக்குவாங்க. ஹெட் பொஸ்ன்னா காடு, டெ பொஸ்ன்னா கட்டு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்த இடம்தான், ஒரு சின்ன ஒட்டு காட்டையும் கட்டையும் பிரிச்சு நிறுத்துது பாருங்க. உங்க பேப்பர்ல முன்னாடி 'பெர்' வந்ததால ரெண்டுமே இல்லாம போச்சு, போன் காட்டை எடுத்துக்கிச்சு. பன்மைல பொஸ்ஸென்னு வரும், அப்ப ரெண்டுக்குமே டெ. சின்னதா சொல்லணும்னா பொஷெ, அதுக்கு எப்பவும் ஹெட்தான், அது சின்னத் தோப்பாவும் இருக்கலாம், கொத்தமல்லிக் கட்டாவும் இருக்கலாம். அந்த எடத்துல அவங்களும் நம்மள மாதிரி பக்கத்துல என்ன வார்த்தை இருக்குன்னு பாத்துதான் புரிஞ்சுக்கணும்.

டென் பொஸ்ன்னு அங்க ஒரு ஊரே இருக்கு, அந்த பொஸ் காடுதான், முழுப்பேருக்கு பிரபுவோட காடுன்னு அர்த்தம். நாம முதலாளிய கூப்பிடற பாஸ் வேற சொல்லு, ஆனா அதுவும் டச்சுல இருந்து அமெரிக்கா வழியா இங்கிலீஷுக்குப் போயி நம்மகிட்ட வந்ததுதான். துட்டும் அவங்க பழைய செப்புக்காசோட பேர்தான், வாங்கற கூலிலயே டச்சு இருக்குக்கா.

அடுத்த தடவை 'பெர் பொஸ்'ன்னு மட்டும் போடாம பூவோட பேரையும் சேத்து 'பொஸ் ரோஸென்'ன்னு போட்டு பாக்கச் சொல்லுங்க பையன.