வான் பார்ப்போம்: வாசகர் கேள்வி

கேள்வி: ‘525 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்று பெட்டியில் அச்சிட்ட 60 மி.மீ. டெலஸ்கோப்பை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 60க்கு 120 மடங்குதான் உச்சம். அதற்கு மேல் படம் பெரிதாகும், கூடவே மங்கிக் கலங்கும். இவ்வகைக் கருவிகளின் ஸ்டாண்டு இன்னும் மோசம். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலா குதிக்கும்.

தூக்கி வைக்க இடமிருந்தால் 150 மி.மீ. டாப்சோனியன் (முன்லென்ஸுக்குப் பதில் குழியாடி கொண்ட, பெட்டி போன்ற தாங்கியில் உட்காரும் டெலஸ்கோப்) எடுங்கள். குவியத்தூரம் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம்) 1200 மி.மீ. என்றால், அதை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மி.மீ. எண்ணால் வகுங்கள்: 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.இல் 120. எப்போதும் 25இல் தொடங்குங்கள். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களுக்கு அதுவே போதும்.

கேள்வி: ஃபைண்டரில் (குழாயின் மேல் பொருத்திய, குறிபார்க்கும் சிறு டெலஸ்கோப்) நடுவில் இருக்கும் கோள், ஐபீஸில் காணோமே?

பதில்: இரண்டும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. பகலில், சூரியன் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, ஒரு கிலோமீட்டராவது தள்ளியுள்ள கோபுர நுனியை ஐபீஸின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குழாயை அசைக்காமல் ஃபைண்டர் திருகுகளைத் திருப்பி அதே நுனிக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை வைத்துச் சரிசெய்தால் இரவில் மறுபடி தப்பும். படம் தலைகீழாகத் தெரிவது கோளாறு அல்ல.