புது ப்ராசஸர் வருவதற்கு முன்பே ஓவர்க்ளாக்கிங் போர்டு வாங்கி வைக்கலாமா?

"அடுத்த தலைமுறை ப்ராசஸர் ஏழு கிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடியதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் பார்த்தேன். இப்போதே விலை கூடின போர்டும் 360 எம்எம் லிக்விட் கூலரும் வாங்கி வைத்துவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். கூலராவது வேறு ப்ராசஸருக்கு உதவும், போர்டை (மதர்போர்டை) மட்டும் இப்போது தொடவே தொடாதீர்கள். ஓவர்க்ளாக்கிங் என்பது ப்ராசஸரை கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

அந்த ஸ்க்ரீன்ஷாட் நிஜமாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து உங்கள் வீட்டில் என்ன கிடைக்கும் என்று கணிக்க முடியாது. 2011 அக்டோபரில் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் ப்ராசஸர் வரிசை கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதமே, 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டு கின்னஸ் சாதனை படைத்துவிட்டோம் என்று ஏஎம்டி அறிவித்திருந்தது. உண்மைதான். ஆனால் அது திரவ ஹீலியம் ஊற்றிக் குளிர வைத்து, எட்டு கோரில் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) இரண்டை மட்டும் விட்டு மற்றதை அணைத்து எடுத்த எண். கடையில் கிடைத்த எஃப்எக்ஸ்-8150, தானாகவே வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போவில் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரைதான் போனது, அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிய இன்டெல் ஐ5-2500கே பெரும்பாலான கேம்களில் அதை முந்தியது. ஒரு க்ளாக்கில், அதாவது ஒரு துடிப்பில், எவ்வளவு வேலை முடிகிறது என்பதை கிகாஹெர்ட்ஸ் சொல்லாது.

இன்னொன்று, அந்தக் காலத்தில் கம்பெனிகள் நமக்கு வேகத்தை ஏற்ற நிறைய இடம் விட்டு வைத்தன. 1998-ல் வந்த செலரான் 300ஏ-வை, பஸ் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் வழி) வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றியே 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். 2500கே-யை நல்ல ஏர் கூலரிலேயே 4.5 வரை கொண்டு போனவர்கள் ஏராளம். இப்போது அந்த இடத்தையெல்லாம் பூஸ்ட் (டர்போ மாதிரியே ப்ராசஸர் தானாக வேகம் கூட்டிக்கொள்வது) சாப்பிட்டுவிடுகிறது, ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனே 6 கிகாஹெர்ட்ஸ் தொடுகிறது. அதற்கு மேல் தள்ள வோல்டேஜ் ஏற்ற வேண்டும், மின்சாரமோ வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும்: 5 சதவீத வேகத்துக்காக வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால் மின்செலவு ஏறக்குறைய 27 சதவீதம் கூடிவிடும், அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். இன்டெல் 13, 14-ம் தலைமுறை சிப்புகள் நிலைகுலைந்ததற்கு அதிக வோல்டேஜே காரணம் என்று 2024-ல் இன்டெலே சொல்லி மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டது. வோல்டேஜோடு விளையாட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சரி, புது சிப்பில் மல்டிப்ளையர் (அடிப்படை க்ளாக்கை எத்தனை மடங்காக்கி ஓட்டுவது என்ற எண்) நாம் மாற்றும்படி திறந்திருக்குமா? அதையும் போன தலைமுறையை வைத்துச் சொல்ல முடியாது. 2022-ல் வந்த ஏஎம்டியின் ரைசன் 5800எக்ஸ்3டி-யில் பூட்டியிருந்தார்கள், 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் திறந்துவிட்டார்கள். கோர்களின் மேல் உட்கார்ந்திருந்த கேஷை (சிப்பிலேயே இருக்கும் வேகமான நினைவகத்தை) அடியில் மாற்றியதும் சூடு நேராக மேலே போக வழி கிடைத்தது, அவ்வளவுதான் விஷயம். போர்டு கணக்கும் இதே மாதிரி: இன்டெலில் மல்டிப்ளையரைத் தொட பெயரில் கே இருக்கும் ப்ராசஸரும், போர்டில் இசட் வரிசை சிப்செட்டும் (போர்டை இயக்கும் சிப்பும்) வேண்டும், ஏஎம்டியில் பி650 மாதிரி பி வரிசையே போதும், ஏ620-ல் நடக்காது. வரப்போகிறது எது என்று தெரியாமல் எதற்கு இப்போதே காசைப் போட வேண்டும்?

ரிவ்யூ வந்ததும், எல்லா கோரும் ஒரே நேரத்தில் அரைமணி நேரமாவது உழைக்கும்போது எந்த வேகம் நிற்கிறது, எந்த வோல்டேஜில், எத்தனை டிகிரியில் என்று பாருங்கள். ஒரே ஒரு சிப்பை வைத்து எழுதியதை நம்ப வேண்டாம், ஒரே மாடலிலேயே சிப்புக்குச் சிப் வித்தியாசம் உண்டு. அறை வெப்பநிலையையும் கவனியுங்கள். அவர்கள் 22 டிகிரியில் சோதித்து, உங்கள் அறையில் மே மாதம் 35 டிகிரி இருந்தால், அந்த 13 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், வாங்கிய பிறகு வேகத்தை ஏற்றுவதைவிட வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். ஏஎம்டி என்றால் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) அதற்கென்றே கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி இருக்கிறது. சூடு குறைந்தால் பூஸ்ட் தானாகவே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். மிச்சமான பணத்தில் நல்ல டிடிஆர்5 ராம் வாங்குங்கள், அதையும் போர்டு முடிவான பிறகு, அந்த போர்டுக்குப் பொருந்தும் ராம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.