ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத கல்லூரிக் கால்பந்து அணி எப்படி முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கல்லூரிப் போட்டி முடிந்தாலே இந்த ஆதங்கம் எழும். மூன்று ஆட்டம், மூன்றும் டிரா, அப்புறம் ஏன் வெளியே?

இரு அணியும் சம கோலில் முடித்தால் டிரா. ஆளுக்கு 1 புள்ளி. வெற்றிக்கு 3, தோல்விக்கு எதுவும் இல்லை. ஆக, மூன்று டிராவுக்கு மொத்தம் 3 புள்ளிதான். இரண்டில் வென்று ஒன்றில் தோற்ற அணி 6 புள்ளியோடு மேலே போய்விடும்.

முன்பு வெற்றிக்கு 2 புள்ளிதான். தோற்காமல் இருந்தால் போதும் என்று அணிகள் பின்னால் நின்றே ஆடின. அதை மாற்றத்தான் இங்கிலாந்து 1981-லும், உலகக் கோப்பை 1994-லும் 3 புள்ளிக்கு மாறின. 2010 உலகக் கோப்பையில் நியூசிலாந்து ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. மூன்று டிராவோடு ஊர் திரும்பியது.

பயிர் வாடாமல் பச்சையாக நின்றாலும், கதிர் பிடிக்காவிட்டால் களத்துக்கு மூட்டை வராது இல்லையா, அதே கணக்குதான்.

டெல்டாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் மைதானம் தண்ணீரை லேசில் விடாது. கோல் முன்னால் உருட்டிவிட்ட பந்து சேற்றில் அப்படியே நின்றுவிடும். ஓடி வந்தவன் கால் வழுக்கும். நல்ல பையன்கள் ஆடியும் 0-0 ஆவது இப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பலர் நினைப்பதுபோல, தோற்காத அணி தோற்ற அணிக்கு மேலே இருக்கும் என்று விதி எதுவும் இல்லை. பட்டியலில் முதலில் பார்ப்பது மொத்தப் புள்ளியை மட்டும்தான்.