பயம் மூன்று வாரம் லேட்

கேள்வி: 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் தொற்றும் சாவும் ஏறிக்கொண்டே போனபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் ரெம்டெசிவிர் ஊசிமருந்து தேடி அலைந்தார்கள். மீதிப் பேர், "நூற்றுக்கு ஒருத்தர்கூடச் சாகவில்லை, எல்லாம் பீதி கிளப்புகிற வேலை" என்றார்கள். யார் சரி? அரசு சொன்ன சாவுக் கணக்கை நம்பலாமா?
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு தரப்புமே தப்பு. அந்த "நூற்றுக்கு ஒருத்தர்" ஆட்களை முதலில் கவனிப்போம்.

2021 மே 7 காலை மத்திய அரசு வெளியிட்ட கணக்கு: புதிய தொற்று 4,14,188, சாவு 3,915. வகுத்தால் 0.95 சதவீதம். வாட்ஸ்அப் வீரர்களின் தைரியமெல்லாம் இந்த வகுத்தலில் பிறந்ததுதான். பன்னிரண்டு நாள் கழித்து, மே 19 கணக்கு: தொற்று 2.67 லட்சம், சாவு 4,529. வகுத்துப் பாருங்கள், 1.7 வரும். இரண்டே வாரத்துக்குள் கிருமி ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடியதாகிவிட்டதா என்ன? இன்றைய சாவை இன்றைய தொற்றால் வகுப்பதே தப்பு. இன்று சாகிறவர் இன்று தொற்றியவர் அல்ல.

கிருமி உள்ளே போய் அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள். "வெறும் சளிதான்" என்று இரண்டு நாள் ஓடும். மூக்கில் குச்சி விட்டு முடிவு கைக்கு வர, கூட்டம் மொய்த்த அந்த நாட்களில் இன்னும் இரண்டு மூன்று நாள். ஆகவே காலைப் பேப்பரில் வரும் தொற்று எண் ஏறத்தாழ பத்து நாள் பழசு. மூச்சுத் திணறல் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி 7 முதல் 10 நாளில் வரும். பிழைக்காதவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் இறக்கிறார்கள். அப்படியானால் சாவு எண் மூன்று நான்கு வாரப் பழசு. தமிழ்நாட்டில் மே 21 அன்று தொற்று உச்சம், 36,184. சாவின் உச்சமோ மே 30, ஒரே நாளில் 493. "குறைய ஆரம்பிச்சிடுச்சு" என்று ஊர் மூச்சு விட்ட வாரத்தில்தான் அதிகம் பேர் செத்தார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் நாடு முழுக்க நாளொன்றுக்குப் பத்தாயிரம் தொற்று என்ற அளவில் இருந்தபோது முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. மார்ச்சில் எண் ஏறியபோது இங்கே தேர்தல் பிரசாரம் களை கட்டியிருந்தது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு முடிந்து, சாவுச் செய்தி சொந்தக்காரர்களை எட்டிய பிறகுதான் ஜனங்களுக்குப் பயம் வந்தது. தெரு மிரண்ட நாளில், அடுத்த மூன்று வாரத்துக்கான சாவுகள் ஏற்கெனவே தொற்றி முடிந்திருந்தன.

எந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்றால், பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதத்தை. 5 சதவீதத்துக்குள் இருந்தால் நோயாளிகளை ஓரளவு வலைபோட்டுப் பிடிக்கிறார்கள் என்று பொருள். அந்த உச்சத்தில் நாட்டின் விகிதம் இருபதைத் தாண்டியது. அதாவது பிடிபடாதவர்கள் ஏராளம், 4.14 லட்சம் என்பதே குறைந்தபட்சக் கணக்கு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறையும், அதனால் திங்கள் செவ்வாயில் எண் இறங்கும். அதை நம்பி வாராவாரம் "கொரோனா சரிவு" என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் உண்டு, நம் இனத்தைச் சேர்ந்தவைதான். ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். கூடவே மாவட்டத்தில் ஆக்சிஜன் படுக்கைகள் எத்தனை நிரம்பின என்பதையும்.

இனி ரெம்டெசிவிர். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில், பிறகு நேரு ஸ்டேடியத்தில், வெயிலில் நின்றவர்களைக் கேலி செய்ய மாட்டேன். மருத்துவமனை சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, "வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டது, அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் 2020 நவம்பரிலேயே, உயிரைக் காக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் பரிந்துரைக்காமல் ஒதுக்கியிருந்தது. (2022-ல், நோய் முற்றாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே தரலாம் என்று திருத்திக்கொண்டது. அதே ஆண்டு பிற்பாடு, நோய் தீவிரமானவர்களுக்கும் நிபந்தனையோடு தரலாம் என்றது. உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்களுக்கு வேண்டாம் என்றது.) குணமானவர் ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் பிளாஸ்மாவும் அதே கதை. பலனில்லை என்று இந்திய ஆய்வே காட்டியும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) அதை வழிகாட்டுதலிலிருந்து நீக்க 2021 மே 17 ஆனது.

சாவைக் குறைப்பதாகத் தெளிவாக நிரூபணமான மருந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மலிவு மாத்திரை, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆனால் ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு மட்டும். தேவைப்படாதவருக்கு நன்மை இல்லை, கெடுதல் வரலாம். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே முன்ஜாக்கிரதையாக இதைப் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை எகிறியது. கருப்புப் பூஞ்சை பரவியதற்கு இந்தத் தாறுமாறான ஸ்டீராய்டும் ஒரு காரணம். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்புக்கு "25-க்கு எவ்வளவு?" என்று மார்க் விசாரித்ததும் வீண். இரண்டாம் நாள் எடுத்தால் சுத்தமாக இருக்கும், எட்டாம் நாள் மூச்சு முட்டும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும், கைக்குள் அடங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இதைவிட உபயோகம். அதையும் பலர் தப்பாகவே மாட்டினார்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு, மருதாணிச் சிவப்பு இல்லாத விரல் வேண்டும். விரலை மாட்டியதும் தெரியும் முதல் எண்ணை நம்பாமல், நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், எனவே 94 என்று வந்தால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். ஓய்வில் நன்றாக இருந்தால் அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்து மறுபடி பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் நுரையீரல் தடுமாறத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர் இந்த நடையைச் செய்யக் கூடாது.

படுக்கை கிடைக்கும்வரை குப்புறப் படுப்பது உதவும். கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை மேல்பகுதி வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே, கணைக்காலடியில் இரண்டு. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, பிறகு பக்கவாட்டில். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கடுமையான இதய நோய் உள்ளவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

சிலிண்டரை வீட்டில் வாங்கி நிறுத்திவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு ஒரு கணக்கு. பெரிய டி வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் விட்டால் 23 மணி நேரம். பையுள்ள முகமூடியில் 15 லிட்டர் விட்டால் எட்டு மணி நேரம்கூட வராது. சின்ன பி வகையில் 1,500 லிட்டர்தான், 5 லிட்டர் வீதத்தில் ஐந்து மணி நேரம். மருத்துவமனைக்குப் போகும் வழிக்கு அது சரி, ராத்திரியை ஓட்ட முடியாது.

தடுப்பூசி விஷயத்தில் பயம் எதிர்த்திசையில் ஓடியது. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் ஊசி போட்டு 17-ல் மறைந்ததும் பலர் பின்வாங்கினார்கள். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அக்டோபரில் சொன்னது. அதற்குள் அலையே ஓய்ந்திருந்தது. மே மாதம் பயந்து வரிசையில் நின்றவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், அந்த அலைக்குப் பெரிதாக உதவியிருக்காது.

கடைசியாக, சாவுக் கணக்கு. வெளியிட்ட எண் பொய் என்பதைவிட அரைகுறை என்பது பொருத்தம். விடுபட்ட 444 மரணங்களைத் தமிழ்நாடு 2020 ஜூலை 22 அன்று ஒரேயடியாகச் சேர்த்தது. 2021 ஜூனில் பீகார் ஏறத்தாழ 4,000-ஐச் சேர்த்ததால் ஜூன் 10 அன்று நாட்டின் ஒருநாள் சாவு 6,148 என்று வந்தது. அன்று அத்தனை பேர் சாகவில்லை, பழைய பாக்கி. பரிசோதிக்காமல் வீட்டில் இறந்தவர் கணக்கில் வரமாட்டார். சர்க்கரையோ இதயக் கோளாறோ உள்ளவருக்குச் சான்றிதழில் அதை மட்டும் எழுதினாலும் வரமாட்டார். ஐ.சி.எம்.ஆர். விதிப்படி அடிப்படைக் காரணம் கொரோனா என்றுதான் எழுத வேண்டும். 2020, 2021 இரண்டு ஆண்டுக்கு இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு 4.8 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையே சரியில்லை என்று மத்திய அரசு மறுத்தது.

மதிப்பீட்டுக் கணக்கு எதுவும் வேண்டாம் என்பவர்கள் இழப்பீட்டைப் பார்க்கலாம். தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்தாலும், கொரோனா மரணம் என்று விதி வந்து, குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று ஆனதும், குஜராத்தில் அரசு காட்டிய சாவு பத்தாயிரம் சொச்சமாக இருக்க, 2022 தொடக்கத்தில் அதே அரசு ஏற்றுக்கொண்ட விண்ணப்பங்கள் 60,000-ஐத் தாண்டின.